அம்மாவுக்கு மூட்டுவலி, ஊரோ ஏழு குன்று: ஜூனில் லிஸ்பன் போகலாமா?

நெல்லைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் 9 இரவு லிஸ்பனில் இறங்கி, 15ஆம் தேதி காலை கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரர், ஒன்பது வயது மகன், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். சமதளத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டே நடந்துவிடுவார். படி என்றால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொன்றாகத்தான். சுத்த சைவம், கேக்கில் இருக்கிற முட்டையைப் பற்றி மட்டும் விசாரிப்பதில்லை. காலையும் மாலையும் பால் காப்பி போகாவிட்டால் தலைவலி வந்துவிடும்.

விசா வந்துவிட்டது, துபாய் வழியாக டிக்கெட்டும் போட்டாயிற்று. தங்குவதற்கு ஆல்ஃபாமா என்கிற பழைய பகுதியில் ஒரு வீடு பார்த்து முன்பதிவு செய்திருக்கிறேன். படத்தில் பார்த்தால் குறுகலான சந்து, ஜன்னலுக்கு ஜன்னல் துணி காய்கிறது, பால்கனியில் நின்றால் தண்ணீர் தெரிகிறது. நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை என்பதை வீட்டுக்காரர் நேற்றுத்தான் படித்துச் சொன்னார். ரத்து செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது.

கோட்டை, 28ஆம் நம்பர் டிராம், ஆற்றோரப் பகுதியான பெலேம், ஒரு நாள் சிண்ட்ரா அரண்மனைகள், ஒரு நாள் மகனுக்காகக் கடல். இதுதான் திட்டம். "ஊர் பூரா மேடும் பள்ளமும், அம்மாவை ஏன் அங்கே இழுத்துக்கொண்டு போய் வதைக்கிறாய்" என்று தம்பி சண்டை போடுகிறான். அம்மாவோ புதுச் செருப்பு வாங்கியாயிற்று. போய் வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் சொல்லுங்கள்.


தேஜுக்கரை:

முதல் வேலையாக அந்த ஆல்ஃபாமா வீட்டை ரத்து செய்துவிடுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

வீடு மோசம் என்று சொல்லவில்லை. இளவட்டங்கள் தங்குவதற்கு அருமையான பேட்டை. ஆனால் டாக்ஸி தெருமுனையோடு நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுச் சந்தில் ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் நாலு மாடி ஆரம்பம். இன்னொன்று உங்கள் தேதி. ஜூன் 12 இரவு இந்த ஊரின் அந்தோணியார் திருவிழா. ஆல்ஃபாமாவில் வாசலுக்கு வாசல் கரி அடுப்பு மூட்டிச் சாளை மீன் சுடுவார்கள், விடிய விடியப் பாட்டும் கூத்தும் ஓடும். அந்தப் புகைக்கு நாலாவது மாடி ஏற லிஃப்ட் தேவையில்லை. சைவம் சாப்பிடுகிற அம்மாவை அதன் நடுவில் குடிவைக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

தங்க வேண்டிய இடம் பைஷா. ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கும் ரோஸியு சதுக்கத்துக்கும் இடையே இருக்கிற நேர்த்தெருக்கள். லிஸ்பனின் நடு ஊரில் அம்மா கைப்பிடி தேடாமல் நடக்கக்கூடிய பெரிய சமதளம் அது ஒன்றுதான். அது சமதளமாகவும் நேராகவும் இருப்பதற்கு ஒரு கதை உண்டு.

1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலை ஒன்பதரை மணிக்கு மேல், ஜனங்கள் கோயில்களில் நிறைந்திருந்த நேரத்தில் நிலம் ஆடியது. தப்பித்தவர்கள் கட்டடத்துக்குப் பயந்து ஆற்றங்கரை வெளிக்கு ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கே கடல் ஏறி வந்தது. கோயில் மெழுகுவர்த்தியும் வீட்டு அடுப்பும் சாய்ந்து பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது. ஆற்றை ஒட்டி இருந்த அரண்மனையே போய்விட்டது. பிற்பாடு பொம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற மந்திரிதான் இடிபாடுகளை நிரவி, நூல் பிடித்தாற்போலத் தெருக்கள் போட்டுப் புது ஊர் கட்ட வைத்தார். சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் ஒரு கூண்டு. நிலம் ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடிக்கொடுக்கும். மாதிரிக் கட்டுமானம் ஒன்றைச் செய்து, சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்க வைத்து அதைச் சோதித்தார்கள் என்று இங்கே சொல்வார்கள். எந்தத் தெருவில் எந்தத் தொழில் என்பதும் அப்போது வகுத்ததுதான்: தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, செருப்புத் தைப்பவர்களுக்கு ஒன்று. பெயர்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஆல்ஃபாமா அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் தப்பியது, அதனால் மூர்கள், அதாவது முன்பு இங்கே ஆண்ட வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள், காலத்துச் சந்தும் படியும் அங்கே அப்படியே தங்கிவிட்டன. அம்மாவுக்கு ஏற்ற சமதளம் அந்த நாசத்தின் உபயம் என்று சொல்வது கொடூரமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு எப்படிச் சொல்ல?

அடுத்தது திட்டம். இந்த ஊரில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடக் கூடாது, உயரத்தைப் பார்த்துப் போட வேண்டும். மேப் 400 மீட்டர் என்று காட்டும். அந்த 400 மீட்டர் பத்து மாடி ஏறுவதாக இருக்கும். என் அம்மா இங்கே வந்திருந்தபோது நான் கடைப்பிடித்தது ஒன்றே: ஏறுவது வண்டியில், இறங்குவது காலில்.

கோட்டைக்கு ஃபிகெய்ரா சதுக்கத்தில் 737ஆம் நம்பர் பஸ் பிடியுங்கள். சின்ன பஸ், கோட்டை வாசல்வரை போகும். நடக்கத் தெம்பு இருக்கிற உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் வேறு வழி இருக்கிறது. ஃபன்கெய்ரூஷ் தெருவில் 170ஆம் எண் கட்டடத்துக்குள் நகராட்சி லிஃப்ட் ஒன்று, காசு கிடையாது. பார்த்தால் ஏதோ அலுவலக வாசல் மாதிரி இருக்கும், தயங்காமல் நுழையுங்கள். மேலே வெளிவந்து மடலேனா தெருவைக் கடந்தால், கொஞ்ச தூரத்தில் பழைய சந்தைக் கட்டடம். கீழே சூப்பர் மார்க்கெட், அதற்குள்ளேயே இன்னொரு லிஃப்ட். அதிலும் ஏறினால் பாதி மலை முடிந்தது. கோட்டைக்குள் தரை கரடுமுரடு, மதில்மேல் ஏற அம்மா வேண்டாம். மரத்தடியில் உட்கார வையுங்கள். மயில்கள் சர்வ சாதாரணமாகக் காலடியில் திரியும், உங்கள் மகனை அவை பார்த்துக்கொள்ளும்.

ஷியாடு மேட்டுக்குப் போக, பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்தின் கீழ் வாசலில் நுழைந்து எஸ்கலேட்டர்மேல் எஸ்கலேட்டராக ஏறி மேல் வாசலில் வெளியே வாருங்கள். ரயில் ஏறாத வரை டிக்கெட் வேண்டாம். அங்கிருந்து பக்கம்தான் கார்மோ மடம். நிலநடுக்கத்தில் கூரை விழுந்த கோயில், திரும்ப மூடவே இல்லை. கல் வளைவுகள் மட்டும் வானத்துக்குக் கீழே நிற்கின்றன. 1902இல் கட்டிய சாந்தா ஜுஸ்தா இரும்பு லிஃப்டில் ஏறக் காத்திருக்க வேண்டாம். அதன் மேல்முனைப் பாலத்துக்கு இந்தக் கார்மோ பக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஒரு எச்சரிக்கை. சரிவுகளில் ஓடிய மஞ்சள் நிறச் சாய்வு வண்டிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 3 அன்று குளோரியா வண்டியின் வடம் விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். அதோடு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பழைய பதிவுகளில் "அவசியம் ஏறுங்கள்" என்று இன்னமும் எழுதியிருக்கும்.

அம்மாவின் புதுச் செருப்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் ஊரிலேயே வைத்துவிட்டு வரட்டும். நடைபாதை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கருங்கல்லும் சின்னச் சின்னதாகப் பதித்த தரை, காலடி பட்டுப் பட்டு மெழுகு போட்டது போல ஆகியிருக்கிறது. லேசாகத் தூறினாலும் வழுக்கும். ரோஸியுவில் அதே கல்லை அலை அலையாகப் பதித்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே நடந்தால் தரை நிஜமாகவே மேலும் கீழுமாகத் தெரியும்.


சுற்றும் செந்தில்:

அண்ணன் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார் போலிருக்கிறதே! 28ஆம் நம்பர் டிராம் ஏறாமல் லிஸ்பனா? சிண்ட்ராவில் பெனா அரண்மனை, மஞ்சளும் சிவப்புமாகக் குன்றின் உச்சியில். அதை விட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள். டிராமுக்கு, அது கிளம்புகிற மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தில் காலை எட்டு மணிக்குள் போய் நின்றுவிடுங்கள். பர்ஸை முன்பக்கம் வையுங்கள். என் நண்பன் பின்பாக்கெட்டில் வைத்திருந்த போன் இரண்டு நிறுத்தத்துக்குள் காணாமல் போயிற்று.


மூட்டு வைத்தியம்:

நான் ஃபிசியோதெரபிஸ்ட். ஒன்று மட்டும் சொல்கிறேன். தேய்மானம் உள்ளவர்களுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிமேல் சுமை அதிகம். சரிவில் இறங்கும்போதும் அதே கதைதான். அதனால் "இறங்குவது காலில்" என்பது அம்மாவுக்குப் பொருந்தாது. அவர் ஏறுவதும் வண்டி, இறங்குவதும் வண்டி. ஒரு கைத்தடி எடுத்துப் போகட்டும், மடக்குகிற மாதிரி கிடைக்கிறது. "எனக்கெதுக்கு" என்பார், பிளாட்பாரத்தில் பிடித்துக்கொள்ள என்று சொல்லிக் கொடுங்கள். எந்த முட்டியில் வலி அதிகமோ அதற்கு எதிர்க் கையில் தடி. விமானத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடக்கச் சொல்லுங்கள். இறங்கிய மறுநாள் கோட்டையெல்லாம் வேண்டாம், அன்றைக்கு ஆற்றங்கரை போதும்.


லாச்சப்பல்வாசி:

வணக்கம் அக்கா. நான் பாரிசில் இருக்கிறேன். மனுசியின் ஆட்களோடு லிஸ்பன் போய் வந்தோம். மாமி சைவம், அதனால் சாப்பாட்டு விசயம் எனக்கு நல்லாத் தெரியும்.

கோப்பிக்குக் கவலை வேண்டாம். சும்மா கோப்பி என்று கேட்டால் சின்னக் கோப்பையில் கறுப்பாக ஒரு மிடறு தருவார்கள். "கலாவ்" என்று கேளுங்கள். உயரமான கண்ணாடிக் கிளாசில் முக்கால்வாசி பாலும் மிச்சம் கோப்பியுமாக வரும். மாமிக்கு அது தண்ணி மாதிரி இருந்தது. "எஷ்குரு" என்று சேர்த்துச் சொன்னால் கடுமையாகப் போட்டுத் தருவார்கள். கோப்பையில் பாதிக்குப் பாதி வேண்டும் என்றால் "மெய்யா டி லெய்த்".

சாப்பாட்டுக் கடையில் இருந்தவுடன் நீங்கள் கேட்காமலே பாண், ஒலிவ் காய், சில நேரம் பாற்கட்டி எல்லாம் மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் இல்லை. தொட்டால் காசு, தொடாவிட்டால் இல்லை. வேண்டாம் என்றால் முதலிலேயே எடுக்கச் சொல்லிவிடுங்கள், ஒருவரும் கோவிக்க மாட்டார்கள்.

மரக்கறி சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், மலிவு, அம்மாவின் வயிற்றுக்கும் நல்லது. ஆனால் பச்சையாக இலை போட்டு வரும் "கால்டு வெர்த்" என்ற சூப்பை நம்பாதீர்கள். அதற்குள் ஒரு துண்டு பன்றிச் சொசேஜ் கிடக்கும். ஆர்செனல் தெருப் பக்கம் பெரிய பெரிய கருவாட்டைப் பலகை மாதிரி அடுக்கி விற்கிற கடைகள் உண்டு, மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

பேந்து, மார்த்திம் மொனிஸ் சுற்றுவட்டாரத்தில் வங்காளதேச, நேபாளக் கடைகள் நிறைய. பருப்பு, அரிசி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் வாங்கலாம். குசினியோடு வீடு எடுங்கள். ஒரு குக்கர் சோறும் பருப்பும் இருந்தால் மிச்ச நாள் தன்பாட்டில் ஓடும்.


நெல்லைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஆல்ஃபாமாவை ரத்து செய்துவிட்டேன். பைஷாவில் லிஃப்டும் சமையலறையும் இருக்கிற வீடு கிடைத்தது, கொஞ்சம் விலை கூடத்தான். தம்பியிடம் இந்தப் பக்கத்தை அனுப்பினேன், "அந்த லிஸ்பன் அண்ணன் சொல்கிறபடி கேள்" என்று மட்டும் பதில் வந்தது.

தேஜுக்கரை அண்ணா, சிண்ட்ரா, பெலேம், கடல், இந்த மூன்றையும் பற்றிச் சொல்லுங்கள். அப்புறம் 12ஆம் தேதி திருவிழாவை அம்மா புகை இல்லாமல் எங்கேயாவது பார்க்க முடியுமா? மடக்குக் கைத்தடி வாங்கியாயிற்று. பேரன் விளையாட என்று சொல்லிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.


தேஜுக்கரை:

மூட்டு வைத்தியம் சொன்னது சரியான பேச்சு. கோட்டையிலிருந்து உங்களில் இருவர் நடந்து இறங்குங்கள். அம்மாவை ஒருவர் துணையோடு காரில் ஏற்றிவிடுங்கள். ஊபரும் போல்ட்டும் இங்கே கட்டுப்படியாகும். இல்லாவிட்டால் டுக்-டுக் என்று ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், நம்ம ஊர் ஆட்டோவேதான். மணிக்கணக்கில் பேசுவார்கள், விலையைக் கேட்டால் அம்மா இறங்கி நடக்கவே தயாராகிவிடுவார்.

செந்திலுக்கும் சொல்கிறேன். 28 அழகான வண்டிதான், 1930களின் மரப்பெட்டி. ஆனால் படி உயரம், உட்கார இடம் கிடைக்காது, வளைவுக்கு வளைவு உடம்பு ஆடும். ஏறியே ஆக வேண்டும் என்றால் மார்த்திம் மொனிஸில் நிற்காதீர்கள். மறுமுனை பிரசெரெஷ், கல்லறைத் தோட்ட வாசல். அங்கே காலையில் ஏறினால் ஜன்னலோரம் உட்கார்ந்து வரலாம். பயண அட்டை ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும், ஒன்றையே நாலு பேருக்குத் தேய்க்க முடியாது. வெற்று அட்டைக்கு 50 சென்ட். டிராமில் ஏறிய பிறகு டிக்கெட் வாங்கினால் ஏறக்குறைய இரட்டிப்புக் காசு. தங்கும் வீட்டில் 13 வயது நிறைந்தவர்களுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி தனியாக வரும். மகனுக்குக் கிடையாது.

சிண்ட்ராவை விட்டுவிடுங்கள். ரோஸியுவிலிருந்து 40 நிமிட ரயில், அதுவரை சுகம். அப்புறம் மலையேறும் பஸ்ஸுக்கு ஒரு வரிசை, பெனா வாசலில் ஒரு வரிசை, உள்ளே மறுபடியும் ஏற்றம். ஜூனில் அது அம்மாவுக்குத் தண்டனை. உங்களுக்கு மட்டும் ஆசை இருந்தால் அவரை வீட்டில் வைத்துவிட்டு ஒரு காலை போய்வாருங்கள், செந்தில் சந்தோஷப்படுவார்.

அந்த நேரத்தைப் பெலேமுக்குக் கொடுங்கள். ரயிலிலும் போகலாம், ஆனால் நிலையத்திலிருந்து சாலையைத் தாண்டப் படிக்கட்டு மேம்பாலம் ஏற வேண்டும். 15ஆம் நம்பர் டிராம் நேரே அங்கே இருக்கிற ஜெரோனிமோஸ் மடத்தின் முன்னால் நிறுத்தும், தாழ்தளப் புது வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். ஜெரோனிமோஸ் மடம் திங்கள்கிழமைகளிலும் ஜூன் 13 அன்றும் மூடியிருக்கும், ஆகவே 10, 11 தேதிகளுக்குள் முடித்துக்கொள்ளப் பாருங்கள். மடத்தின் உள்முற்றம் பார்க்கத்தான் டிக்கெட். கோயிலுக்குள் போகக் காசில்லை.

நுழைந்ததும் இடது பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அம்மாவை அங்கே கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். கல்பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கப்பல், ஒரு சிலுவை, ஒரு வான்கோளம். விளிம்பெங்கும் முறுக்கிய கயிறு. கல்லில் புரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செதுக்கியிருப்பார்கள், நெருங்கிப் பார்த்தால் தேங்காய் நார்க் கயிறேதான். கொச்சிக் கோட்டையில் பிரான்சிஸ் கோயிலுக்குப் போனவர்கள் அங்கேயும் அவர் பெயரில் ஒரு கல்லறை பார்த்திருப்பீர்கள். 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்தவரை முதலில் அங்கேதான் புதைத்தார்கள், 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்து வந்தார்கள், பெலேமுக்கு வந்து சேர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். மடத்தைக் கட்டியதும் நம் பக்கத்துக் காசுதான். ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழ்த்திசையிலிருந்தும் வந்த சரக்கின்மேல் நூற்றுக்கு ஐந்து வரி போட்டு அதிலிருந்து செலவழித்தார்கள். "மிளகு வரி" என்றே அதற்குப் பெயர். மலபார் மிளகு கல்லாகி நிற்கிறது என்று நான் வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. என் மனைவி கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்.

இங்கே இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். தமிழ் மொழியில் அச்சான முதல் புத்தகம் 1554இல் வந்தது இந்த லிஸ்பனில்தான். கிறிஸ்தவ மறைப் பாடம், தமிழை ரோமன் எழுத்தில் கோத்தது. தமிழ் எழுத்திலேயே ஒரு புத்தகம் அச்சாக 1578இல் கொல்லம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெலேம் கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தால் போதும், உள்ளே ஒடுங்கிய சுழல்படி. பக்கத்தில் 1837 முதல் முட்டைத் தட்டுப் பணியாரம் போடுகிற கடை. வாசல் வரிசை பார்சலுக்கு. அதைத் தாண்டி உள்ளே போனால் அறை அறையாக உட்கார இடம் இருக்கும். அடித்தட்டு மொறுமொறுவென்று, நடுவே மஞ்சள் கரு, மேலே கருகின புள்ளிகள். லவங்கப் பட்டைப் பொடியைத் தூவிச் சூட்டோடு சாப்பிடுங்கள். அம்மா கேக்கு விதியைக் காட்டி இதையும் அனுமதிப்பாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கடல் பற்றி. பால்கனிப் படத்தில் தண்ணீர் தெரிகிறது என்றீர்களே, அது ஆறு. தேஜு கடலில் கலக்குமுன் அகன்று நிற்கிற இடம். குளிக்க கைஷ் டு சொத்ரே நிலையத்தில் கஷ்காய்ஷ் ரயில் பிடியுங்கள். போகும்போது இடது பக்க ஜன்னல். ஆறு மெல்லக் கடலாகிறதை உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நாற்பது நிமிடத்தில் கடைசி நிறுத்தம். மணல் பக்கத்திலேயே, நிலையத்தைச் சுற்றிப் பெரிய ஏற்றம் கிடையாது, அம்மா பெஞ்சில் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கொள்ளலாம். மேலே வெயில் கொளுத்தும், தண்ணீர் 18 டிகிரிப் பக்கம் இருக்கும். மகன் முதல் அலையில் அலறுவான், அப்புறம் வெளியே வர மாட்டான். துண்டு கூடுதலாக எடுத்துப் போங்கள்.

இனி 12ஆம் தேதி. அன்று பகலில் பேராலயத்தில் கூட்டுத் திருமணம், நகராட்சி நடத்துவது. வசதி குறைந்த ஜோடிகளுக்காக 1958இல் ஆரம்பித்தது. வாசலில் நின்றால் வெள்ளை உடுப்பில் மணப்பெண்கள் வரிசையாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். இரவில் அவெனிடா டா லிபெர்தாதே என்ற அகலச் சாலையில் பேட்டைக்குப் பேட்டை ஒரு குழு, காகித வளைவும் விளக்கும் தூக்கிப் பாடிக்கொண்டு ஆடிப் போவார்கள். அம்மாவுக்கு அந்த இடம்தான். மூர்களின் சந்து இல்லை, மீன் புகை குறைவு. மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோங்கள். சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும், ஊர்வலம் அதற்கும் பிறகு. மதியம் தூங்க வைத்துவிடுங்கள்.

சந்தையெல்லாம் அந்த வாரம் சின்னச் சின்னத் தொட்டியில் "மஞ்சரிக்கு" விற்பார்கள். துளசி இனச் செடி, பொடிப்பொடி இலை, பந்து மாதிரி கத்தரித்திருக்கும். நடுவில் ஒரு காகிதப் பூவும், நாலு வரிக் காதல் பாட்டு எழுதிய சின்னக் கொடியும் செருகியிருப்பார்கள். மூக்கை நேராக வைத்து முகரக் கூடாது, வாடிவிடும் என்பது இங்கத்து நம்பிக்கை. உள்ளங்கையால் மேலே தடவி, கையை முகர வேண்டும்.


நெல்லைக்காரி:

அண்ணா, துளசியைப் பற்றி வாசித்துக் காட்டினேன். "அங்கேயுமா" என்றார் அம்மா. ஆனால் அவர் பிடித்துக்கொண்டது வேறு. அந்த அந்தோணியார் நம்ம உவரி அந்தோணியாரா என்று கேட்கிறார். சின்ன வயதில் எனக்கு நோவு வந்தபோது உவரிக்கு நேர்ந்துகொண்டாராம். ஆமாம் என்றால் பெலேமை விட்டாலும் அந்தக் கோயிலை விடக் கூடாது என்று உத்தரவு.


தேஜுக்கரை:

அவரேதான். பதுவை அந்தோணியார் என்று உலகம் சொன்னாலும் ஆள் லிஸ்பன்காரர். 1195 வாக்கில் இங்கே பிறந்து, 1231 ஜூன் 13 அன்று பதுவையில் இறந்தார். பேராலயத்துக்குக் கொஞ்சம் கீழே, அவர் பிறந்த வீடு இருந்ததாகச் சொல்லும் இடத்தில் கோயில் இருக்கிறது. பழையது 1755இல் விழுந்தபின் கட்டியது. பைஷாவிலிருந்து அரைகுறை ஏற்றம்தான், ஆனாலும் 12ஆம் நம்பர் டிராமில் போய்விடுங்கள், பேராலயம் பக்கம் நிற்கும்.

பிறந்த இடம் என்று காட்டுவது நிலவறையில். கீழே இறங்கக் குறுகலான படி. அம்மா முன்னால், நீங்கள் பின்னால் என்று போகாதீர்கள். வீட்டுக்காரர் முன்னால் இறங்கட்டும், அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொள்ளட்டும். 13ஆம் தேதி போனால் கூட்டம் நெரியும். அன்று மந்திரித்த சின்ன ரொட்டிகள் கொடுப்பார்கள், மாலையில் தேர்ப்பவனி ஆல்ஃபாமாவுக்குள் போகும். நிலவறை பார்க்க 11ஆம் தேதி காலை போய்விட்டு, ரொட்டிக்கு 13 அன்று வீட்டுக்காரரை மட்டும் வரிசையில் நிறுத்துங்கள்.